தண்ணீர் நிறுத்தும் நாள்

வாயில் கதவில் ஒட்டியிருக்கிறது, மை கரைந்து:
முப்பதாம் தேதி நண்பகலில் தண்ணீர் நிறுத்தப்படும்.
குழாய்களைத் திறந்தே வைக்கவும்.
உள்ளே தேங்கிய நீர் உறைந்து குழாய் வெடித்தால்
செலவு மனைக்காரர் தலையில்.

நாற்பத்தொன்றாம் மனை.
ஆகஸ்டு வரை எங்களுடையது, இப்போது என்னுடையது.
டோருன் நீதிமன்றத்தில் காரை லெஷெக்குக்கும்
இந்த முந்நூறு சதுர மீட்டரை எனக்கும் எழுதினார்கள்.
தையல் இயந்திரம், பனிச்சறுக்குக் கட்டைகள்,
ஆறு கோப்பைகளில் மூன்று மூன்று.
மண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று
யாரும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கே வந்துவிட்டேன்.
பூண்டு முதலில். பல் பல்லாய் உடைத்து
கூர்முனை மேலே, மூன்று விரல் ஆழம்.
தலைகீழாய் ஊன்றினாலும் முளைக்கும்,
மேலே வர வழி தேடியே இளைத்துவிடும்.
ரோஜாக்களின் காலடியில் மண்ணை மேடாக்கினேன்.
பிளம் மரத்தை இப்போது வெட்டக் கூடாது.
கை துறுதுறுத்தது,
கத்தரியைக் குடிலுக்குள் வைத்துப் பூட்டினேன்.
தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்த்தேன். அடியில்
ஒற்றைச் செருப்பு. யாருடையதென்று தெரியும்.
குப்பையில் போட்டேன்.

வேலிக்கு அப்பால் ஸெனோபியா
ஆப்பிள் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள்,
மூக்கு நுனியிலும் ஒரு பூச்சு.
"உன் அக்ரூட் இலையெல்லாம் என் பக்கம்" என்கிறாள்
ஒவ்வோர் ஆண்டும் போல.
"காற்றிடம் சொல்" என்கிறேன்
ஒவ்வோர் ஆண்டும் போல.
இந்த ஆண்டு கூடுதலாய் ஒன்று:
"மூலைக் குவியலைக் கிளறாதே,
முள்ளெலி குடிவந்திருக்கிறது."

நேற்றிரவுதான் முதல் உறைபனி.
டேலியாக்கள் வெந்த கீரையாய்க் கறுத்துத் தொங்குகின்றன.
இந்தக் கறுப்புக்காகத்தான் காத்திருந்தேன்.
ஒரு சாண் தண்டு விட்டு வெட்டி,
தள்ளி நின்று கவையை இறக்கி நெம்பினால்
மண்ணிலிருந்து ஒரு முனகல்.
பிறகு கொத்துக் கொத்தாய்க் கிழங்கு,
பிறந்த பன்றிக்குட்டிகள் தாய்மடியில் முண்டுவது போல.
தலைகீழாய்க் கவிழ்த்து வைக்கிறேன்,
குழல்தண்டின் நீர் வடியட்டும்.

பதினொன்றுக்கு லெஷெக் வந்தான்.
டிராமில். காரை விற்றுவிட்டானாம்.
கையில் உருளைக்கிழங்குச் சாக்கு.
"அந்த அடர்சிவப்பு
என் அக்கா லுப்ளினிலிருந்து கொண்டுவந்தது."
உண்மை.
"நட்டதும் நீர் ஊற்றியதும்?"
அதுவும் உண்மை.
கொஞ்ச நேரம் இருவரும் கிழங்கையே பார்த்தோம்.
"பாதி" என்றான்.
கத்தி என் கையில்தான் இருந்தது.

பாதி என்றால் பாதியில்லை, லெஷெக்.
எடை பார்த்து வெட்டுகிற சாமான் இல்லை இது.
கழுத்தோரம் கண் இருக்கும்.
கண் இல்லாத துண்டு எவ்வளவு கொழுத்திருந்தாலும்
மே மாதம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து அழுகும்.
இப்போது கண் தெரியாது.
மார்ச்சில்தான் கடுகளவு சிவந்து எழும்பும்.
அப்போது வா.

சொன்னதில் பொய் இல்லை.
முழு உண்மையும் இல்லை:
இருபத்திரண்டு இலையுதிர் காலங்கள் பழகிய என் கட்டைவிரல்
இருட்டிலும் கண்ணைத் தடவிக் கண்டுபிடிக்கும்.

அவன் சாக்கை மடித்தான். போகவில்லை.
மணல் பெட்டியின் ஒரு பிடியைத் தூக்கினான்,
மறுபிடியை நான்.
நிலவறைக்கு ஏழு படி. மூன்றாம் படி ஆடும்.
இருவர் காலும் சொல்லாமலே அதைத் தாண்டின.
மணலில் புதைத்து, மரச் சீட்டில் எழுதினேன்:
அடர்சிவப்பு. பிரிக்கவில்லை.

நண்பகல்.
தரைக்கடியில் ஏதோ இருமியது.
குழாயைத் திறந்தேன்.
முதலில் துரு, பிறகு காற்று, பிறகு
மிச்சமிருந்த இரண்டு கை நீர்.
லெஷெக் அதில் கை கழுவிக்கொண்டு
டிராமுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினான்.
எனக்குக் கழுவ நீர் இல்லை.
மண் விரல்களோடு
முள்ளெலிக் குவியலைச் சுற்றிப் போய்
பாதியில் விட்ட பூண்டு வரிசையில் உட்கார்ந்தேன்.
இன்னும் பதினேழு பல்.